பெட்ரோல் போட்டதால் போன அரை மார்க்

ஆவடியில் என் பேத்தி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு, தமிழ்ப் பரீட்சைத் தாளை என் முன்னால் நீட்டினாள். முகம் உப்பியிருந்தது.

"தாத்தா, இதிலே என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க."

மொழிபெயர்ப்புப் பகுதி. கொடுத்திருந்த ஆங்கில வாக்கியம் சின்னது. ஒருவர் வழியில் காரை நிறுத்தி, 'ரீஃப்யூயல்' செய்துவிட்டு, பயணத்தைத் தொடர்கிறார். பேத்தி எழுதியிருந்தது இது: "அவர் வழியில் காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்." 'பெட்ரோல் போட்டுக்கொண்டு' என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு. பக்கத்தில் 'எரிபொருளை மீண்டும் நிரப்பிவிட்டு' என்று திருத்தம். அரை மார்க் போச்சு.

அரை மார்க்குக்காக ஆசிரியையோடு சண்டைக்குப் போகிற வயது எனக்கு இல்லை. அந்த அம்மையார் மீது பெரிய குற்றமும் இல்லை. அகராதியைத் திறந்தார். 'ஃப்யூயல்' என்றால் எரிபொருள், 'ரீ' என்றால் மீண்டும் என்று அங்கே இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டினார். நம்முடைய பத்திரிகைகளும், அரசாங்க அறிவிப்புகளும், பாடப் புத்தகங்களும் ஐம்பது அறுபது வருஷமாக இப்படித்தானே கட்டிக்கொண்டிருக்கின்றன! ஆனாலும் எனக்கு ஒரு சபலம். இந்தத் திருத்தம் கடைத்தெருவில் செல்லுபடியாகிறதா, பார்த்துவிடுவோமே என்று மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி சாலையில் உள்ள ஒரு பெட்ரோல் பங்குக்குப் போனேன்.

பங்கில் நடந்த பரீட்சை

பம்பு அருகே நின்ற பையனிடம், "தம்பி, எரிபொருளை மீண்டும் நிரப்பு" என்றேன்.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன் ஸார், இப்பத்தான் போட்டுக்கிட்டுப் போனீங்களா? அளவு குறைஞ்சுதா?"

'மீண்டும்' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டு போய், அளவில் சந்தேகப்பட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்! இல்லை, இப்போதுதான் வருகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

"சரி ஸார். நிரப்பணும்னா ஃபுல் டாங்கா?"

என் சட்டைப் பையில் இருந்தது ஒரே ஒரு இருநூறு ரூபாய் நோட்டு. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார்: "பெரியவரே, எவ்ளோக்குப் போடணும்னு சொல்லுங்க. பின்னாடி வரிசை நிக்குது!"

"இருநூறுக்குப் போடுப்பா" என்றேன். "ஜீரோ பாத்துக்குங்க ஸார்" என்றான் பையன். அரை நிமிஷத்தில் காரியம் முடிந்தது.

பேத்தி எழுதிய தமிழுக்குப் பெட்ரோல் கிடைத்தது. திருத்திய தமிழுக்குக் கிடைத்தது இரண்டு கேள்விகள். அந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவை என்பதுதான் இதில் வேடிக்கை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

முதல் கேள்வி 'மீண்டும்' பற்றியது. ஆங்கிலத்தில் 'ரீ' என்கிற முன்னொட்டு எப்போதும் 'இன்னொரு தடவை' என்று அடித்துச் சொல்வதில்லை. 'செலவானதை ஈடு செய்' என்பதே 'ரீஃப்யூயல்' என்ற சொல்லில் அதற்கு வேலை. கடையில் பேனாவுக்கு 'ரீஃபில்' வாங்குகிறோம். அதை 'மீண்டும் நிரப்பி' என்றா கேட்கிறோம்? தமிழில் 'மீண்டும்' கனமான சொல். நேற்றும் சாப்பிட்டோம், இன்றும் சாப்பிடுகிறோம். அதற்காக "அவன் மீண்டும் சாப்பிட்டான்" என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால், இப்போதுதான் கை கழுவியவன் மறுபடி இலை முன் உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தமாகும்.

இரண்டாவது கேள்வி 'நிரப்பு' பற்றியது. 'ரீஃப்யூயல்' என்ற வினை அளவைச் சொல்லவே சொல்லாது. ஒரு லிட்டர் போட்டாலும் ரீஃப்யூயல்தான். ஆயிரம் லிட்டர் போட்டாலும் ரீஃப்யூயல்தான். தமிழில் 'நிரப்பு' என்றால் நிறைய வேண்டும். எங்கள் செங்கற்பட்டு, வடாற்காடு பக்கத்துப் பேச்சில் அதை 'ரொப்பு' என்போம். கொடத்தை ரொப்பு என்றால் கழுத்து வரைக்கும் தண்ணீர் வர வேண்டும். அரைக் குடம் கொண்டு வந்தால் வீட்டில் வசவு விழும். ஆக, இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டவன் எதையும் நிரப்பவில்லை. அவன் நிரப்பினான் என்று எழுதுவது, இலக்கணம் கிடக்கட்டும், பச்சைப் பொய்.

கனடாவில் இறங்கிய விமானம்

இதெல்லாம் வார்த்தைச் சண்டை என்று தோன்றலாம். 1983-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ஆம் தேதி கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். ஏர் கனடா கம்பெனியின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் அந்த நாடு பழைய அளவுகளை விட்டு மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. விமானத்தில் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. எனவே குச்சி விட்டு அளந்து, கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.8 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அவர்கள் 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது பவுண்டுக் கணக்குக்கு உரிய எண்! 22,300 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 10,000 கிலோதான் இருந்தது.

41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது தகராறு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுபோயின. விமானி அதைக் காற்றில் சறுக்கவிட்டே, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 61 பிரயாணிகளும் 8 சிப்பந்திகளும் உயிர் பிழைத்தார்கள். அந்த விமானம் ரீஃப்யூயல் செய்யப்பட்டிருந்ததா என்றால், செய்யப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் அப்படி எழுதுவதில் ஒரு பிசகும் இல்லை. "எரிபொருள் நிரப்பப்பட்டுப் புறப்பட்டது" என்று தமிழில் எழுதினால், கதையின் உயிர்நிலையான விஷயமே தலைகீழாகிவிடும். "எரிபொருள் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டது, ஆனால் போதுமான அளவு போடவில்லை" என்று எழுதிப் பாருங்கள். சரியாக உட்காருகிறது.

வண்டியும் மாடும்

போடு என்ற வினையை 'பேச்சுக் கொச்சை' என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நாம் "வண்டியில் பெட்ரோல் போட வேண்டும்" என்றா சொல்கிறோம்? பெரும்பாலும் "வண்டிக்குப் பெட்ரோல் போடணும்" என்றுதான் சொல்கிறோம். இந்த 'கு' எங்கிருந்து வந்தது? மாட்டுக்குத் தீனி போடுகிறோம். கோழிக்கு இரை போடுகிறோம். பயிருக்கு உரம் போடுகிறோம். வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போடுகிறோம். வாங்கிக்கொள்ள ஒரு வாய் இருந்தால் அங்கே 'கு' வருகிறது, 'போடு' வருகிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலை ஒரு காலத்தில் மாட்டு வண்டிச் சாலை. திருமழிசைப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் காய்கறியும் நெல்லும் வைக்கோலும் ராத்திரி முழுக்க வண்டிகளில் பட்டணத்துக்குப் போகும். வழியில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, மாட்டுக்கு வைக்கோல் போட்டு, தண்ணீர் காட்டி, பிறகு பூட்டுவார்கள். அதே சாலையில் லாரி வந்தது. மாட்டுக்குப் போட்டவர்கள் லாரிக்கும் போட்டார்கள். லாரி டீசலைக் 'குடிக்கிறது' என்றும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறோம். எண்ணெய்க் கம்பெனி எதுவும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜனங்களே செய்த மொழிபெயர்ப்பு இது. 'ரீஃப்யூயல்' என்ற சொல்லுக்கு இதைவிட நயமான தமிழ் கிடைக்குமா என்பது சந்தேகம்.

ஆங்கிலச் சொல்லின் பூர்வோத்தரமும் இப்படித்தான். 'ஃப்யூயல்' லத்தீன் மொழியில் அடுப்பைக் குறிக்கும் 'ஃபோகஸ்' என்ற சொல்லிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அவர்கள் சொல் அடுப்படியில் பிறந்தது. நம்முடையது மாட்டுக் கொட்டிலில் பிறந்தது. இதில் யார் யாருக்கு வெட்கப்பட வேண்டும்?

இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, பஸ்களைக் கரி வாயுவில் ஓட்டினார்கள். என் தகப்பனார் அடிக்கடி சொல்லுவார்: பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு இருக்குமாம். கிளீனர் கரியைப் போட்டு, விசிறியைக் கையால் சுற்றி, வாயு கிளம்பும் வரை பிரயாணிகள் ரோட்டு ஓரம் நிற்க வேண்டுமாம். அங்கேயும் 'கரி போடு'தான். ரயிலுக்கு மட்டும் கொஞ்சம் வித்தியாசம். 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் ஓடியது எங்கள் ஆவடித் தடத்தில்தான். நீராவி எஞ்சின் இருந்த வரையில், "ரயில் தண்ணி பிடிக்க நிற்கிறது" என்பார்கள். 'பிடி' என்றால் குழாயின் கீழே வைத்து வாங்கிக்கொள்வது. இப்போதும் கேனை எடுத்துக்கொண்டு போகிறவன் பெட்ரோல் 'பிடித்துக்கொண்டு' வருகிறான். நடுவழியில் நின்ற வண்டிக்கு அதை 'ஊற்றுகிறான்'. ஒரு வேலைக்கு ஒரு வினை.

'அடி' என்றும் ஒன்று இருக்கிறது. "பெட்ரோல் அடிச்சிட்டு வரேன்" என்பது இளவட்டங்களின் பேச்சு. அந்தக் காலத்துப் பெட்ரோல் பம்புகளில் கைப்பிடியை அடித்து, மேலே உள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு எண்ணெயை ஏற்றி, அப்புறம் கீழே இறக்குவார்கள். கைப்பம்பில் தண்ணீர் அடிக்கிறோம். சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம். அம்பத்தூர்க்காரர்களுக்குக் காற்று அடிப்பதைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை, சைக்கிள் செய்தே பிரசித்தியான ஊர் அது. இந்த 'அடி'தான் பெட்ரோலுக்கும் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சாராயம் குடிப்பவனையும் 'தண்ணி போட்டான்', 'தண்ணி அடித்தான்' என்று அதே இரண்டு வினைகளால் சொல்கிறார்களே, அது ஏன் என்று கேட்காதீர்கள். ஆங்கிலத்திலும் மூக்கு முட்டக் குடிப்பதை 'டாங்க் அப்' என்பார்கள். குடியில் மட்டும் உலகம் ஒற்றுமையாக இருக்கிறது.

டாங்க் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆவடியில் அந்தச் சொல்லை ஜாக்கிரதையாக உபயோகிக்க வேண்டும். 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இலேயே விஜயந்தா டாங்க் தயாராகிவிட்டது. அப்புறம் அர்ஜுன் வரைக்கும் வந்தார்கள். மொட்டை மாடியில் தண்ணீர் டாங்க், ஸ்கூட்டரில் பெட்ரோல் டாங்க், தொழிற்சாலையில் பீரங்கி டாங்க்! அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பரிடம், "உங்கள் டாங்குக்கு ரீஃப்யூயல் செய்வதை என்னவென்று சொல்லுவீர்கள்?" என்று கேட்டேன். "வேறென்னங்க, டீசல் போடுறதுதான்" என்றார்.

கல்லில் உள்ள கணக்கு

இன்னும் பின்னால் போனால் விளக்கு. "விளக்குக்கு எண்ணெய் விடு" என்கிறோம். அங்கேயும் 'கு' இருப்பதைக் கவனிக்க வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் கொடுத்த செய்தி சர்வசாதாரணம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு; அவற்றை வாங்கிக்கொண்ட இடையர் நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். சில இடங்களில் 90 ஆடு. 'சாவா மூவாப் பேராடு' என்று அந்த ஆடுகளுக்குப் பேர். செத்தால் ஈடு வைத்து, குட்டி போட்டால் சேர்த்து, எண்ணிக்கை என்றைக்கும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. செலவானதை ஈடு செய்வது என்ற ரீஃப்யூயலின் கருத்து முழுவதும் இதில் இருக்கிறது. இத்தனைக்கும் 'மீண்டும்' என்றோ 'மீள்' என்றோ ஒரு சொல் தேவைப்படவில்லை. எவ்வளவு, யார், எத்தனை நாளைக்கு என்பதைச் சொன்னார்கள். அது போதுமானதாக இருந்தது.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020-ஆம் வருஷம் ஜூலையில் பிரான்சிலிருந்து ஐந்து ரஃபேல் போர் விமானங்கள் அம்பாலாவுக்கு வந்தன. வரும் வழியில், சுமார் 30,000 அடி உயரத்தில் பறந்துகொண்டே வேறொரு விமானத்திலிருந்து எரிபொருள் வாங்கிக்கொண்டன. அதைப் போய் "நடுவானில் பெட்ரோல் போட்டார்கள்" என்று எழுதினால் சிரிப்பார்கள். முதலில், அது பெட்ரோலே இல்லை. அங்கே எரிபொருள் என்ற பொதுச் சொல் வேண்டும். 'எரிபொருள் ஏற்றிக்கொண்டன' என்றால் கப்பலுக்கும் விமானத்துக்கும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒன்று: 'கொண்டன' என்பதை விட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தில் விமானம் தானே ரீஃப்யூயல் செய்ததாகச் சொல்லலாம். அந்த வினையின் சுபாவம் அப்படி. தமிழில் "விமானம் துபாயில் எரிபொருள் நிரப்பியது" என்றால், விமானம் கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு வேறு யாருக்கோ ஊற்றுகிற மாதிரி இருக்கிறது. தினமும் பத்திரிகைகளில் இது வருகிறது.

பேத்தியின் விடையிலும் ஒரு குறை உண்டு. கேள்வியில் பெட்ரோல் என்று இல்லை. கார் டீசலில் ஓடியிருக்கலாம். 'எரிபொருள் போட்டுக்கொண்டு' என்று எழுதியிருந்தால் எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாது. ஆகவே அந்த அரை மார்க்கில் கால் மார்க்கை ஆசிரியைக்கே விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன். பாக்கிக் கால் மார்க் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். வீட்டில் தாயும் தகப்பனும் பேசுகிற சரியான சொல்லைத் தாளில் எழுதியதற்காக ஒரு குழந்தையின் கை நின்றுபோகிறது. அடுத்த பரீட்சையில் அது வாயில் வருகிற வினையை விழுங்கிவிட்டு, அகராதி வினையைத் தேடும். அப்படித் தேடித் தேடியே, தெளிவாகப் பேசுகிறவர்கள் பேனாவை எடுத்ததும் தடுமாறுகிறவர்களாக ஆகிவிடுகிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை என்று ஆபீஸ் வாசலில் ஆள் தேடுகிறார்களே பட்டதாரிகள், அவர்கள் எல்லாரும் இந்தச் சிவப்பு மை வழியாக வந்தவர்கள்தான்.

இலங்கைத் தமிழர்கள் இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறார்கள். அங்கே பத்திரிகையில் 'எரிபொருள் நிரப்பு நிலையம்'. வாயில் 'பெற்றோல் செட்'. 2022-இல் அந்த நாட்டில் பஞ்சம் வந்தபோது நாள்கணக்கில் வரிசையில் நின்று, பிறகு அந்த ஜூலையில் அரசாங்கம் கொண்டுவந்த கியூ.ஆர். அட்டையைக் காட்டி, அளந்து கொடுத்த சில லிட்டரை வாங்கிக்கொண்டு போனார்கள். பேர் நிரப்பு நிலையம், நிரப்பியவர் யார்? "பெற்றோல் அடிச்சாச்சோ?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இப்போது எரிபொருளே போகிற காலம் வந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்களை மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓட்ட ஆரம்பித்தது. இவற்றுக்கு 'ரீஃப்யூயல்' என்ற சொல் உதவாது. ஆங்கிலேயர் அதை வைத்துவிட்டு 'ரீசார்ஜ்' என்ற வேறு சொல்லை எடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கரி போட்ட வினை, பெட்ரோல் போட்ட வினை, ஆட்டோவுக்குக் கேஸ் போட்ட வினை, அப்படியே கம்பிக்கும் வந்துவிட்டது. போனுக்குப் பணம்கூடப் 'போட்டு விடு' என்கிறோம்.

என் மகனும் போன தீபாவளிக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினான். தினமும் ராத்திரி சாப்பாடு ஆனதும் அவன் மாடியிலிருந்து குரல் கொடுப்பான்: "வண்டிக்குச் சார்ஜ் போட்டாச்சா?" நேற்று அதைக் கேட்டதும் பேத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பாவுக்கும் அரை மார்க் போச்சு தாத்தா" என்று சொல்லிவிட்டு, ஒயரைச் செருகப் போனாள்.